செல்ஃப் எடுக்காது, ஆனா ஹெட்லைட் பளிச்சுனு எரியும்: பழைய காரோட பதினோரு வருஷம்

வண்டி 2003 மாடல் பெட்ரோல், நான் செகண்ட் ஹேண்டா வாங்குனது 2013ல. கம்பெனி பேர் வேண்டாம், இத்தன வருஷம் கழிச்சு வயர் அரிச்சுப்போனதுக்கு யாரயும் குத்தம் சொல்ல முடியாது, அதுவும் நான் இருக்கிறது தூத்துக்குடில, உப்புக்காத்துல வீட்டு ஜன்னல் கம்பியே தாங்காது. இஞ்சின், கியர்பாக்ஸ் ரெண்டும் இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு, மைலேஜும் பரவாயில்ல. கரண்ட் சமாச்சாரத்துல மட்டும் இது என்னப் படுத்துன பாடு இருக்கே, அத எழுதுனா யாருக்காவது ஒரு பேட்டரி காசாவது மிஞ்சும்னுதான் எழுதுறேன்.

முத தடவ மாட்டுனது 2018ல. திருச்செந்தூர் போயிட்டு திரும்புறப்ப ஆறுமுகநேரில டீ குடிக்க நிறுத்துனோம், பத்து நிமிஷம் கழிச்சு வந்து சாவிய திருப்புனா ‘டக்’னு ஒரே ஒரு சத்தம், அவ்ளோதான். மறுபடி திருப்புனா மறுபடி டக். நாலாவது தடவ ஒண்ணுமே நடக்காத மாதிரி ஜம்முனு ஸ்டார்ட் ஆயிருச்சு. அப்புறம் பன்னெண்டு நாள் ஒண்ணும் இல்ல. பதிமூணாவது நாள் ஆபீஸ் வாசல்ல டக். ஷெட்டுக்கு கொண்டுபோனா அங்க பத்து தடவ திருப்புனாலும் பத்து தடவயும் ஸ்டார்ட் ஆகுது, ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதும் காய்ச்சல் விட்டுப்போற பிள்ளை மாதிரி.

பேட்டரி நாலு வருஷம் ஆச்சு, மாத்திருங்கன்னாங்க. மாத்துனேன். மூணு வாரம் சூப்பரா ஓடுச்சு, நானும் சரியாப்போச்சுனு நாலு பேருகிட்ட சொல்லிட்டேன். திரும்ப டக். சரி அப்ப செல்ஃப் மோட்டார்தான்னு (சாவிய திருப்புனா இஞ்சின சுத்திவிடுற மோட்டார்) அத இறக்கி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாத்தி மாட்டுனாங்க. ஒரு மாசம் ஓடுச்சு. திரும்ப டக். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, ரெண்டு தடவயும் கொஞ்ச நாள் சரியா ஓடுச்சுல்ல, அதுதான் என்ன ஏமாத்துனது. பேட்டரி மாத்துறப்பவும் செல்ஃப் இறக்குறப்பவும் பேட்டரி கேபிள அசைச்சிருக்காங்க, அந்த அசைவுல கொஞ்ச நாளைக்கு காண்டாக்ட் கிடைச்சிருக்கு. புதுப் பொருளால சரியாகல, கைபட்டதால சரியாயிருக்கு. இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

புரிய வெச்சது எங்க ஏரியா வயரிங் அண்ணாச்சி. அவரு வண்டிய தொடவே இல்ல. “தம்பி, அது மக்கர் பண்ணும்போது ஹெட்லைட்ட போட்டுட்டு சாவிய திருப்பிப் பாருங்க, லைட்டு மங்குதா, அப்படியே நிக்கான்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க, மத்தத பொறவு பாப்போம்”னாரு. அடுத்த வாரம் மாட்டுச்சு, லைட்ட போட்டு திருப்புனேன், லைட் துளி கூட மங்கல, பளிச்சுனு எரியுது, உள்ள டக்குனு மட்டும் சத்தம். போன் பண்ணி சொன்னேன். “அப்போ பேட்டரில சரக்கு இருக்கு, செல்ஃபுக்குத்தான் போய்ச் சேரல. வழியிலதான் எங்கயோ அடைப்பு, மீட்டர் இருந்தா வெச்சுப் பாருங்க”ன்னாரு. லைட் ரொம்ப மங்கி டிக் டிக் டிக்னு வேகமா அடிச்சா பேட்டரி இறங்கிருக்கும் இல்ல டெர்மினல் லூஸா இருக்கும். மங்கவே இல்லனா செல்ஃப் கரண்ட்டே இழுக்கல.

மீட்டர் வாங்குனேன், சாதாரண டிஜிட்டல் மீட்டர்தான், ஆனா 10 ஆம்பியர் ஹோல் இருக்கிறதா பாத்து வாங்குனேன், அது பின்னாடி உதவுச்சு. மொதல்ல நான் பண்ண தப்பு, நெகட்டிவ் கேபிளுக்கு கன்டின்யூட்டி (வயர் அறுபடாம இருக்கானு பாக்குறது) வெச்சுப் பாத்தேன், பீப்னு சத்தம் வந்துச்சு, கேபிள் ஓகேனு விட்டுட்டேன். அந்த பீப்ப நம்பவே கூடாது. கேபிள்ல ஒரே ஒரு நரம்பு உசுரோட இருந்தாலும் பீப் அடிக்கும், ஆனா செல்ஃப் இழுக்கிறது நூறு ஆம்பியருக்கு மேல, அத ஒரு நரம்பு சுமக்குமா? லோடு இருக்கும்போது அளக்கணும். மீட்டர டிசி 20 வோல்ட்ல வெச்சு, ஒரு முனைய பேட்டரியோட நெகட்டிவ் கொம்புலயே வெக்கணும், கிளாம்ப்ல இல்ல, ஈயக் கொம்புல. இன்னொரு முனைய இஞ்சின் பிளாக்ல பெயின்ட் இல்லாத இடமா பாத்து அழுத்திட்டு, கியர் நியூட்ரல்ல இருக்கானு பாத்துட்டு வேற யாரயாவது சாவிய திருப்பச் சொல்லணும். கால் வோல்ட்டுக்குள்ள காட்டுனா நல்ல எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற வழி நல்லாருக்கு. வண்டி அடம்பிடிச்ச ஒரு நாள் காலைல பையன திருப்பச் சொல்லிட்டு நான் பாக்குறேன், 4.1 வோல்ட் காட்டுது. பன்னெண்டு வோல்ட்ல நாலு வோல்ட்ட அந்த நெகட்டிவ் கேபிளே தின்னுருது.

என் வண்டில நெகட்டிவ் கேபிள் ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு பாடிக்கும் ஒண்ணு கியர்பாக்ஸுக்கும் போகுது. இஞ்சின் ரப்பர் மவுண்ட்டு மேல உக்காந்திருக்கு, அதுக்கும் பாடிக்கும் நேர்த்தொடர்பு கிடையாது, அதான் தனி எர்த். பாடிக்குப் போறது நல்லா இருந்ததால லைட், ஹார்ன் எல்லாம் ஜோரா வேல செய்யும், கியர்பாக்ஸுக்குப் போறதுதான் போயிருந்துச்சு. போல்ட்ட கழட்டி லக்க (கேபிள் முனைல இருக்கிற உலோக வளையம்) பாத்தா வெளிய சுமாராத்தான் இருந்துச்சு, இன்சுலேஷன ரெண்டு இஞ்ச் கீறிப் பாத்தேன், உள்ள செம்பே இல்ல, பச்சைப் பொடி. விரல்ல தேச்சா மயில்துத்தம் மாதிரி ஒட்டுது. கிளட்ச் கேபிளோட மேல் உறை ஒரு இடத்துல இளகிப்போய் இருந்ததுக்கும் அன்னைக்குத்தான் அர்த்தம் தெரிஞ்சுது, செல்ஃப் கரண்ட்டு எர்த் கிடைக்காம அந்த கேபிள் வழியா ஓடிருக்கு. அண்ணாச்சி புதுசா தடிமனான கேபிள் வெட்டி, லக் அடிச்சு, கியர்பாக்ஸ்ல உக்கார்ற இடத்த எமரி போட்டு பளபளன்னு தேச்சு மாட்டுனாரு, மேல வாசலின் தடவுனாரு. கேபிளும் கூலியும் சேத்து மாத்துன பேட்டரி விலைல பத்துல ஒரு பங்கு கூட வரல. அளந்தேன், 0.15 வோல்ட்.

மூணு வருஷம் ஒரு தொந்தரவும் இல்ல. அப்புறம் 2022 மே மாசம், வெயில்னா அப்படி ஒரு வெயில், திருநெல்வேலி வரைக்கும் ஓட்டிட்டு பங்க்ல நிறுத்தி பெட்ரோல் போட்டுட்டு திருப்புனா இந்த தடவ டக்கும் இல்ல, சுத்தமா அமைதி. அரை மணி நேரம் பானெட்ட திறந்து வெச்சா ஸ்டார்ட் ஆகுது. காலைல குளிர்ந்த வண்டில ஒருநாளும் வராது. இப்பதான் உஷாராயிட்டேனே, எதயும் மாத்தல, மீட்டர டேஷ்போர்டுல போட்டுகிட்டே சுத்துனேன். மாட்டுன அன்னைக்கு சோலனாய்டுக்கு (செல்ஃபுக்கு கரண்ட்ட தட்டிவிடுற காயில் சுவிட்ச்) சாவில இருந்து வர்ற மெல்லிசு வயர்ல அளந்தா 7.8 வோல்ட்தான் வருது. பழைய இக்னிஷன் சுவிட்ச், உள்ள காண்டாக்ட் கருகிருக்கும், நடுவுல ரெண்டு கப்ளர் (வயர் இணைப்பு) வேற. இதுல வெயிலுக்கு என்ன வேலன்னா, செம்புக் காயில் 30 டிகிரில இருந்து 90 டிகிரிக்கு சூடானா ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட கால்வாசி கூடிரும், ஏற்கனவே குறஞ்ச வோல்ட், காயிலும் சூடு, சோலனாய்டு உள்ள இருக்கிற பிளஞ்சர் கம்பிய இழுக்கிற தெம்பு அதுக்கு இல்ல. அண்ணாச்சி ஒரு நாலு பின் ரிலே (சின்ன கரண்ட்ட வெச்சு பெரிய கரண்ட்ட ஆன் பண்ற சுவிட்ச்) போட்டாரு, பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஃபியூஸ் வழியா 30ம் நம்பருக்கு, 87ல இருந்து சோலனாய்டுக்கு, பழைய சாவி வயர் 86க்கு, 85 எர்த். இப்ப சாவி ரிலேய மட்டும்தான் தட்டுது, பாரம் எல்லாம் ரிலே மேல. அதுக்கப்புறம் எந்த வெயிலுக்கும் மக்கர் இல்ல.

மூணாவது கோளாறு போன வருஷம், இதுலதான் எனக்கு மண்டை காஞ்சுது. மூணு நாலு நாள் வண்டி சும்மா நின்னா பேட்டரி செத்துக் கெடக்கும், சில வாரம் அப்படி நின்னாலும் ஒண்ணும் ஆகாது. இஞ்சின் ஓடும்போது பேட்டரில 14.2 வோல்ட் வருது, அதனால சார்ஜிங் நல்லாருக்கு. ராத்திரி எல்லாத்தயும் ஆஃப் பண்ணிட்டு நெகட்டிவ் டெர்மினல கழட்டி நடுவுல மீட்டர 10 ஆம்பியர்ல போட்டேன் (அந்த நேரத்துல தப்பித்தவறி சாவிய திருப்பிராதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிரும்). 20 மில்லி ஆம்பியர், 50க்குள்ள இருந்தா கவலையே இல்ல. மறுநாளும் 20தான். மூணாவது நாள் டிக்கில இருந்து சிலிண்டர இறக்கிட்டு, மூடிட்டு வந்து பாத்தா 430. ஃபியூஸ ஒவ்வொண்ணா புடுங்குனேன், ரூம் லைட் ஃபியூஸ எடுத்ததும் 20க்கு இறங்கிருச்சு. ரூம் லைட் எரியலயேனு முழிச்சுட்டு, டிக்கி லைட்டும் அதே ஃபியூஸ்தானேனு போன்ல வீடியோ ஆன் பண்ணி டிக்கிக்குள்ள வெச்சு மூடுனேன். எடுத்துப் பாத்தா படம் முழுக்க வெளிச்சமா இருக்கு. மெதுவா மூடுனா டிக்கி லைட் சுவிட்ச் முழுசா அமுங்காம அந்த 5 வாட் பல்பு உள்ள எரிஞ்சுகிட்டே இருக்கு, ஓங்கி அடிச்சு மூடுனா அணைஞ்சுருது. என் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிய காலி பண்ண அந்த குட்டி பல்புக்கு நாலு நாள் போதும்.

சுவிட்ச் தேடுறேன், இன்னும் கிடைக்கல. பல்ப கழட்டி கிளவ் பாக்ஸ்ல போட்டு வெச்சிருக்கேன், ராத்திரி டிக்கில எதாவது எடுக்கணும்னா எங்க வீட்டம்மா போன் டார்ச்ச அடிச்சுகிட்டே என்னத் திட்டுறாங்க.