திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள்

நகருக்குள் இருக்கும் ஒரு கராஜில் என் காருக்கு நடந்ததை எழுதுகிறேன். கராஜின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதன் முடிவு வரட்டும். ஆனால் அங்கே வேலை எப்படி நடந்தது என்பதை இப்போதே சொல்லியாக வேண்டும். விட்டுவிட்டு வரும் கரண்ட் பிழை மாதிரி ஏமாற்றுவதற்கு வசதியான பிழை வேறு இல்லை. கார் தானாகவே சரியாகும், தானாகவே பழுதாகும். இடையில் எதை மாற்றினாலும் அதனால்தான் சரிவந்தது என்று சொல்லிக் காசு வாங்கலாம்.

கார் 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக், ஈகே த்ரீ மொடல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எல்லோரும் இருக்கிற பழைய காரைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டினோம். 2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கினாலும் அந்த விலை எங்களுக்கு எட்டாது. அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதும் இந்தக் காரில்தான்.

பிழை இதுதான். காலையில் திறப்பைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். கச்சான் காற்றுக் காலத்தில், மத்தியான வெயிலில் கிண்ணியாவிலோ நிலாவெளியிலோ ஒரு மணித்தியாலம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. செல்ப் (எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டர்) நன்றாகச் சுற்றும், லைற் பளிச்சென்று எரியும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. கதவுகளைத் திறந்துவிட்டு நிழல் வரும்வரை காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

இதை அப்படியே கராஜ்காரரிடம் சொன்னேன். "தம்பி, பற்றரி வீக். அதைப் போட்டுப் பாப்பம்" என்றார். செல்ப் வேகமாகச் சுற்றும்போது பற்றரியில் என்ன குறை என்று கேட்டேன். "வெளியில தெரியாது தம்பி, உள்ளுக்க செல் போயிருக்கும்." முதலில் பற்றரி வயரைக் கழற்றினார், அப்புறம் பிழைக் குறியை வாசிக்கும் ஸ்கானரை மாட்டி, ஒன்றும் காட்டவில்லை என்றார். அந்தக் காலத்து ஹொண்டாவில் பற்றரியைக் கழற்றினால் கொம்பியூட்டரில் பதிந்திருந்த பிழைக் குறி அழிந்துபோகும். அழித்துவிட்டுப் பார்த்தால் எப்படிக் காட்டும்? என் காரின் பிழைக்குக் குறி பதிவதில்லை என்பது பின்னால் தெரிந்தது, அது வேறு விஷயம். பார்ப்பதற்கு முன்பே தடயத்தை அழிப்பவரிடம் வாகனத்தை விடக் கூடாது.

புதுப் பற்றரியோடு அடுத்த வெயிலில் கார் மறுபடி நின்றது. இந்த முறை, எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் அல்டனேற்றர்தான் பிழை என்றார்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரியின் இரண்டு முனையிலும் மீற்றர் வைத்தால் 13.8 முதல் 14.5 வோல்ற் வரை காட்ட வேண்டும். காட்டினால் அல்டனேற்றர் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். அங்கே யாரும் மீற்றரைக் கையில் எடுக்கவே இல்லை. நான் மறுநாள் போனபோது என் அல்டனேற்றரைக் கழற்றி எடுத்துவிட்டு, ரீகண்டிஷன் என்று சொல்லி வேறொன்றைப் பூட்டியிருந்தார்கள். பழையதைக் கேட்டேன். "அது இரும்புக்குப் போட்டாச்சு, தம்பி." காருக்கு வந்த நாளிலிருந்து ஒரு குறையும் இல்லாமல் ஓடிய அசல் சாமான் அது. இப்போது இருப்பது லைற்றும் ஏசியும் போட்டால் 13க்குக் கீழே விழுகிறது. என் நல்ல சாமானை எடுத்துக்கொண்டு தேய்ந்ததை மாட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகும் கார் நின்றது. "கொம்பியூட்டர் பெட்டி போயிற்று. கொழும்பு பஞ்சிகாவத்தையிலதான் எடுக்கோணும், அட்வான்ஸ் தாங்க" என்று கேட்டபோது காரைக் கொண்டுவந்துவிட்டேன். அதற்குள் ஒரு இலட்சத்துக்கு மேல் போயிருந்தது. பில் கேட்டதற்குத் துண்டுக் கடதாசியில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள்.

பிழையைக் கண்டுபிடித்தவர் வீட்டோடு சின்னதாக வேலை செய்யும் வயதான வயரிங்காரர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பிழை வாற நேரத்தில கொண்டு வாங்க." ஓடும் காரைக் கொண்டுபோனபோது பொனற்றைக்கூடத் திறக்கவில்லை. கண்ணாடியெல்லாம் மூடி, அவர் வாசல் வெயிலிலேயே நிறுத்தச் சொன்னார். ஸ்டார்ட் ஆகாமல் போனதும் திறப்பை ஒன்னில் (ON) வைத்துக் காதைப் பின் சீற்றுப் பக்கம் கொடுத்தார். ஒன்னில் வைத்ததும் பெற்றோல் பம்ப் ஏறக்குறைய இரண்டு செக்கன் முனகிவிட்டு நிற்க வேண்டும். சத்தம் வரவில்லை. பம்புக்குப் போகும் வயரில் சோதனை லைற்றை வைத்தார், எரியவில்லை. பம்ப் நல்லது, அதற்குக் கரண்ட்தான் வரவில்லை.

டாஷ்போட்டுக்குக் கீழே மெயின் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. எஞ்சின் கொம்பியூட்டருக்கும் பெற்றோல் பம்புக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. 1990களின் ஹொண்டாக்களில் இது உலகமெங்கும் தெரிந்த குறை: வருடக்கணக்கில் சூடாகி ஆறி, உள்ளே கம்பிக் கால்களைச் சுற்றிப் பற்றவைத்த ஈயத்தில் மோதிரம் போல வெடிப்பு விழும். குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும். ரிலேயைக் கழற்றி, மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியில் எனக்கும் காட்டினார். ஒரு காலைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தார். அவர் வாங்கிய கூலி, மற்றவர்கள் பற்றரி மாற்ற மட்டும் வாங்கிய கூலியைவிடக் குறைவு. அன்றிலிருந்து கார் வெயிலில் நின்றும் ஸ்டார்ட் ஆகிறது.

அதோடு முடியவில்லை. டாஷ்போட்டைத் திறந்தபோது முன்னையவர்கள் இரண்டு வயரை வெட்டி, சும்மா முறுக்கி, ரேப் சுற்றி வைத்திருந்தது தெரிந்தது. பணத்தைவிட இதுதான் எனக்குக் கோபம். மூன்று பக்கமும் கடல் இருக்கும் ஊரில் உப்புக் காற்று ரேப்புக்குள் புகுந்து செம்புக் கம்பியைப் பச்சையாகப் பூக்க வைத்துவிடும். இன்று செய்த அந்த முறுக்கு இரண்டு மாரி தாண்டியதும் இன்னொரு விட்டுவிட்டு வரும் பிழையாகும். அம்மா பின் சீற்றில் இருக்கும்போது கந்தளாய் வீதியில் எஞ்சின் நின்றுபோனால் யார் பொறுப்பு?

இதே உப்பால் எங்கள் பக்கத்துக் கார்களில் எர்த் பிழை, அதாவது பற்றரியின் மைனஸை எஞ்சினோடும் பொடியோடும் இணைக்கும் வயரில் வரும் பிழை, மிக அதிகம். சிக்னல் போட்டால் வேறு லைற்றும் சேர்ந்து மினுக்குவது, டாஷ்போட் முள் ஆடுவது எல்லாம் பெரும்பாலும் இதுதான். செல்ப் சுற்றும்போது பற்றரியின் மைனஸ் முனையிலிருந்து எஞ்சின் இரும்புக்கு மீற்றர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால், எர்த் வயரைக் கழற்றி இரண்டு பக்கமும் சுரண்டி இறுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் எந்தச் சாமானையும் வாங்க வேண்டாம்.

கராஜில் விடும்போது, கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது, கழற்றியதை என் கையில் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். அல்டனேற்றரில் உள்ள இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் தனியாக விலை போட்ட பில் வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை செய்வித்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நான் துண்டுக் கடதாசியையும், அந்த ரேப் சுற்றிய வயர்களின் படத்தையும், தேய்ந்த அல்டனேற்றரின் மீற்றர் படத்தையும் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். உங்களிடமும் இப்படி ஏதாவது இருந்தால் தூக்கி எறியாதீர்கள், நாள் கடப்பதற்குள் எழுதிக் கொடுங்கள்.