ஒரு கையா, மூணு கையா? ஏற்காட்டு மழையில் ஒரு ஜாக்பாட் கணக்கு

20 கொண்டை ஊசி வளைவும் முடிகிறவரை அத்தை பையன் லாஸ் வேகாஸ் கதையை நிறுத்தவில்லை. ஒரே நேரத்தில் மூணு கை (ஒரு கை என்றால் ஐந்து சீட்டு) ஆடும் வீடியோ போக்கர் மெஷின்; வேண்டாத சீட்டை மாற்றி நல்ல சேர்க்கை பிடித்தால் காசு கொடுக்கும். அதன் தலையில் ஏறிக்கொண்டே போகும் ஜாக்பாட் மீட்டர். “ஒத்தக் கை ஆடறவன் ஏமாளி மாப்ள. மூணு கைன்னா சான்ஸும் மூணு மடங்கு.” (சேலத்தில் லாட்டரிச் சீட்டே 2003-இல் போய்விட்டது, கேட்கத்தான் நமக்குக் கொடுப்பினை.)

ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டது. மூணு சீட்டுக்கட்டை எடுத்துப் போட்டோம்.

ஆட்டின் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, கூட உதவாத ஒரு கிளாவர் மூணு. இந்த ஐந்தையும் ஒவ்வொரு கட்டிலிருந்தும் உருவிவிட்டு, மிச்சம் 47 சீட்டைத் தனித்தனியாகக் கலைத்தோம். மெஷினும் இதைத்தான் செய்கிறது. பிடித்துவைத்த நாலும் மூணு கையிலும் நிற்கும். ஐந்தாவது மட்டும் அந்தந்தக் கட்டிலிருந்து வரும். ஆட்டின் ஏஸ் விழுந்தால் ராயல் ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் பத்து முதல் ஏஸ் வரை); ஜாக்பாட் இதற்குத்தான். ஒரு கையில் அதற்கு வாய்ப்பு 2.1 சதவீதம். மூணில் ஒன்றிலாவது விழ 6.2. பையன் சொன்னது கிட்டத்தட்ட சரிதான். பந்தயம் 5 காசிலிருந்து 15 காசு ஆனதைத்தான் விழுங்கிவிட்டான் (காசு என்றால் மெஷினில் பந்தயத்தின் ஒரு அலகு).

அவன் போனில் இருந்த அந்த மெஷினின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போட்ட ஒரு காசுக்கு, ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூணு, இன்னொன்றில் இரண்டு) 8, ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே ஜாதி) 5. எனக்கு அங்கேயே மனசு விட்டுப்போச்சு. ஜாக்கி ஜோடியிலிருந்து காசு கொடுக்கும் ஜாக்ஸ் ஆர் பெட்டர் ஆட்டத்தில், இந்த இரண்டுக்கும் 9-6 பட்டியல் என்றால், பிசகாமல் ஆடுகிறவனுக்கு நீண்ட கால சராசரியில் 99.54 சதவீதம் திரும்பும். 8-5 என்றால் 97.3. இரண்டுமே ராயலுக்கு வழக்கமான 4,000 காசு என்று வைத்து. ஜாக்பாட் ஏறி 8-5 மெஷின் நட்டமில்லாத இடத்துக்கு வர, மீட்டர் சுமார் 8,700 காசைத் தொடவேண்டும். போட்டோவில் 5,312.

கால் டாலர் காசு, மணிக்கு 600 ஆட்டம் என்று போட்டேன். 9-6 ஒத்தக் கையில் மணிக்கு 750 டாலர் புரளும், சராசரி நட்டம் மூன்றரை டாலர். அவன் மெஷினில் 2,250 டாலர் புரளும், நட்டம் 45 டாலர் பக்கம். இதிலும் ராயலின் பங்கு சேர்ந்திருக்கிறது. அது சுமார் 40,000 கைக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை பர்ஸ் இதைவிட வேகமாக இளைக்கும்.

கையில் காசு குறைவு என்றால் மூணு கைக்கும் இரண்டிரண்டு காசு போடுவது மகா மோசம். வழக்கமான மெஷினில் கைக்கு 5 காசு முழுசாகப் போட்டால்தான் ராயலுக்கு 4,000. குறைத்தால் காசுக்கு 250 மட்டுமே. முதலில் விழும் ஐந்து சீட்டே ராயலாக இருந்தால் (6,49,740-இல் ஒன்று) மூணு கையும் ராயல். அப்போது மீட்டர் பணம் ஒரு கைக்கா, மூணுக்குமா என்பதை அந்த மெஷினின் விதியில் முன்கூட்டியே படித்துக்கொள்ளவேண்டும்.

மூணு கைக்கு நான் ஒரே இடத்தில்தான் ஓட்டுப் போடுவேன். மீட்டர் 8,700-ஐத் தாண்டியிருக்கவேண்டும், கைக்கு 5 காசு தாங்கும் பணமும் இருக்கவேண்டும். அடுத்தவன் அடித்துக்கொண்டு போவதற்குள் அதிகக் கைகள் ஆடிவிடலாம்.

மழை விட்டது. பையன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் எடுத்தப்புறம் ஏறியிருக்கும்ல மாப்ள?”