அகர வரிசையா, ட-ப-ம முறையா, முழுச் சொல்லா? குழந்தைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித்தரும் வழிகள்

ஐந்தாறு வயதுக் குழந்தைக்குத் தமிழ் சொல்லித்தர உட்கார்ந்தால் முதல் நாளே வரும் கேள்வி, எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதுதான். நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. அ, ஆ என்று தொடங்கி வரிசையாகப் போவது ஒன்று. ட, ப, ம என எழுத எளிதான எழுத்துகளை முதலில் எடுத்து, உடனே சொல்லாகச் சேர்த்துப் படிக்க வைப்பது இரண்டாவது. எழுத்தைப் பிரிக்காமல் படத்தோடு முழுச் சொல்லாகவே காட்டிப் பழக்குவது மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு குழந்தைகளிடம் செய்து பார்த்திருக்கிறேன். என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான், ஆனால் மற்ற இரண்டையும் தூக்கி எறியவும் மாட்டேன்.

முதலில் அகர வரிசை. நம் நெடுங்கணக்கு எவ்வளவு அழகாக அடுக்கப்பட்டிருக்கிறது என்பது பெரியவர்களுக்குத்தான் புரியும். குறிலுக்குப் பக்கத்தில் நெடில், வல்லினத்துக்குப் பக்கத்தில் அதன் இன மெல்லினம், க-வுக்கு ங, ச-வுக்கு ஞ, ட-வுக்கு ண. மொழியின் ஒலியமைப்பே அந்த வரிசைக்குள் இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவருக்கான வரைபடம். வாசிக்கத் தெரியாத குழந்தை பன்னிரண்டு உயிரெழுத்தையும் ஒரு மாதம் எழுதி முடித்தாலும், ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர எதையும் படிக்க முடியாது, ஏனென்றால் உயிரெழுத்து அதன் சொந்த உருவில் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் மட்டும்தான் நிற்கும். அம்மா என்ற சொல்லில்கூட முதல் எழுத்து மட்டும்தான் அதற்குத் தெரியும். அப்புறம் க-வுக்கு அடுத்து ங வரும். ங, ஙா, ஙி என்று பக்கம் பக்கமாக எழுத வைக்கிறோமே, ங் தவிர அந்த வரிசையை அங்ஙனம், இங்ஙனம் மாதிரியான சொற்களுக்கு வெளியே அந்தக் குழந்தை எங்கே பார்க்கப்போகிறது?

இதைவிடப் பெரிய சிக்கல், வரிசை பாட்டாகிவிடுவது. க கா கி கீ என்று ஒரே மூச்சில் சொல்லும் குழந்தையிடம் தனியாக ஒரு கூ-வைக் காட்டிப் பாருங்கள். உதடு மெல்ல அசையும், க-விலிருந்து ஓடி வந்துதான் கூ-வைப் பிடிக்கும். வாய்க்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. பெற்றோர் பலர் ‘எல்லா எழுத்தும் தெரியும், ஆனால் வாசிக்க மட்டும் வரவில்லை’ என்று வருந்துவது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

இன்னொன்று, 247 எழுத்து என்ற எண்ணைச் சொல்லிக் குழந்தையையும் பயமுறுத்தி நாமும் பயந்துவிடுகிறோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, கணக்கு சரிதான். ஆனால் கண் நினைவில் வைக்க வேண்டிய உருவங்கள் அவ்வளவு இல்லை. 12 உயிர், 18 அகர உயிர்மெய், புள்ளியும் கால் (ா), கொம்பு (ெ), விலங்கு (ி) போன்ற குறிகளும் சேர்த்து ஏழெட்டு. வரிசைக்கு வரிசை வடிவம் மாறித் தொல்லை தருவது உ, ஊ வரிசைகள்தான்: கு, சு, து, பு, கூ, சூ, தூ, பூ என்று அங்கே 36 உருவங்கள். எல்லாம் கூட்டினாலும் ஏறக்குறைய 75-தான் வரும். இது தெரிந்துவிட்டால் எதற்கு அதிக நாள் ஒதுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். உ, ஊ வரிசைகளுக்கு மட்டும் வாரக்கணக்கில் நேரம் கொடுங்கள், மற்றவை வேகமாக வந்துவிடும்.

சரி, ட-ப-ம முறைக்கு வருவோம். ட, ப இரண்டும் நேர்கோடுகள், ம-வில் ஒரு வளைவு கூடுகிறது, அவ்வளவுதான். கை பழகாத குழந்தைக்கு அ-வின் சுழியோடு மல்லுக்கட்டுவதைவிட இது எத்தனையோ மேல். இந்த மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்களை வாசிக்கலாம். முதல் வாரத்திலேயே ‘நான் படிக்கிறேன்’ என்ற எண்ணம் குழந்தைக்கு வந்துவிடுகிறது. ஒரு பெண் குழந்தை பட்டம் என்று தானாக வாசித்துவிட்டு, உடனே ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தாள். கோடுகளுக்குள் ஒரு பொருள் இருக்கிறது என்று அவள் கண்டுபிடித்த நொடி அது. எழுத்துகளை மட்டும் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த நொடி வெகுநாள் தள்ளிப்போகிறது.

அடுத்து துணைக்கால். பாடம், மாடம், மாமா, பாப்பா. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன்பு ணா, றா, னா மூன்றும் தனி வடிவத்தில் எழுதப்பட்டன, பழைய புத்தகங்களில் இன்றும் பார்க்கலாம். இப்போது ஆகார வரிசை முழுக்க ஒரே கால், விதிவிலக்கே கிடையாது. அதனால்தான் குறிகளில் முதலில் அதை எடுக்கச் சொல்கிறேன். கொம்புகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கெ என்பதில் பின்னால் ஒலிக்கும் எகரம் முன்னால் எழுதப்படுகிறது, கொ-வில் இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒலிகளைக் கோக்க இப்போதுதான் பழகிய குழந்தைக்கு அது நிஜமாகவே குழப்பம், கவனக்குறைவு என்று திட்டாதீர்கள்.

இந்த முறையிலும் சறுக்கும் இடம் உண்டு. மெய்யெழுத்தை நாம் இக், இங், இம் என்று பெயர் சொல்லிப் பழக்குகிறோம், குழந்தையும் படம் என்பதை ‘ப-ட-இம்’ என்று வாசிக்கிறது. பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். டம், கம், ரம் என்று முந்தைய எழுத்தோடு ஒட்டியே ஒலித்துக் காட்டுங்கள், ம் வரும்போது உதடு மூடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நாளில் அந்த ‘இம்’ போய்விடும். பெரிய குறை வேறு: கற்ற எழுத்துகளை மட்டும் வைத்துப் பாடம் எழுதுவது கஷ்டம். ஆரம்பப் பக்கங்களில் கதை என்று எதுவும் இருக்காது, சொற்கள்தான் இருக்கும். ஆர்வமுள்ள குழந்தை சீக்கிரம் சலித்துவிடும்.

அந்த இடத்தில்தான் மூன்றாவது முறை கைகொடுக்கிறது. குழந்தையின் பெயர், அம்மா, அப்பா, வீட்டுப் பொருள்கள், இவற்றை அட்டையில் எழுதி ஒட்டி முழுச் சொல்லாகப் பார்க்க வைப்பது. முதல் நாளே பொருளோடு வாசிப்பு தொடங்கிவிடும், குழந்தைக்குக் கொண்டாட்டம். ஆனால் இதையே முழு முறையாக வைத்துக்கொண்டால் தமிழில் சில மாதங்களில் முட்டி நிற்கும். தமிழ்ச் சொல் ஒரே உருவில் நிற்பதில்லையே. மரம் என்பதைப் படமாக மனத்தில் பதித்த குழந்தை மரத்தில், மரங்களை, மரத்திலிருந்து என்பதைப் பார்த்தால் என்ன செய்யும்? ஒவ்வொன்றும் அதற்குப் புதுப் படம். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் பல இடங்களில் ஒத்துப்போகாததால் சில சொற்களை அப்படியே மனத்தில் பதிப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. அங்கேயே எழுத்து-ஒலி உறவை முறையாகக் கற்பிப்பதுதான் பலன் தருகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் சொன்னது. உருவைப் பார்த்துப் பெரும்பாலும் ஒலியைச் சொல்ல முடிகிற தமிழில் அதை விட்டுவிட்டுச் சொல்லை மனப்பாடம் செய்ய வைப்பது கையிலிருக்கும் வசதியை வீணாக்குவது.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறதா என்று பாருங்கள். கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே க, மூன்று ஒலி. தமிழ் பேசும் குழந்தை பகல் என்பதைத் தப்பாக வாசித்தாலும் பாதியிலேயே தானாகத் திருத்திக்கொள்ளும், காது சொல்லிக்கொடுத்துவிடும். பேசாத குழந்தைக்கு அந்தக் காது கிடையாது. அதற்கு மட்டும் முதல் சில மாதங்கள் முழுச் சொல் அட்டையும் பாட்டும் பேச்சும் அதிகமாகவும், எழுத்து குறைவாகவும் இருக்கட்டும். மெல்லினத்துக்குப் பின் வரும் க, ச, ட, த, ப மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால் வலுவாக ஒலிக்கும் என்பதைத் தங்கம், பக்கம், தம்பி, தப்பு என்று ஜோடியாகச் சொல்ல வைத்தே பழக்கலாம்.

எழுத்துப்பிழை விஷயத்தில் போட்டி, பார்த்து எழுதுவதற்கும் சொல்வதை எழுதுவதற்கும். தப்பான சொல்லைப் பத்து முறை எழுது என்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம். மூன்றாவது தடவைக்கு மேல் கை மட்டும்தான் ஓடுகிறது, சில குழந்தைகள் முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து முறை எழுதிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். சொல்வதை எழுதுவது மேல், ஆனால் சொல்பவர் ல, ள, ழ-வைப் பிரித்து ஒலித்தால்தான். இரண்டையும்விட எனக்குப் பலன் தந்தது, சொல்லைப் பார்த்து, மூடி, நினைவிலிருந்து எழுதி, திறந்து தானே சரிபார்ப்பது. அதோடு நம் முன்னோர் வைத்த பெயர்களையும் பயன்படுத்துங்கள்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். பெயரிலேயே விதி இருக்கிறது. ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன். வண்டி, பந்து, கன்று என்று பிழையில்லாமல் எழுத இந்த மூன்று பெயர் போதும். சொல்லின் முதலில் வரும் நகரம் எப்போதும் தந்நகரம்தான். ர, ழ இரண்டும் இரட்டிக்காது, அதனால் காதில் இரட்டித்துக் கேட்டால் அது ற்ற, ல்ல, ள்ள இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பனி-பணி, வலி-வழி, அரம்-அறம் போன்றவற்றுக்கு விதி கிடையாது, பொருளோடு ஜோடியாக வைத்துத்தான் பழக வேண்டும்.

இலக்கணத்தில் வரையறையா, பயன்பாடா என்றால் நான் பயன்பாட்டுப் பக்கம் சாய்ந்தவன். ‘பெயர்ச்சொல் என்றால் என்ன’ என்று வரையறையை ஒப்பிக்கும் எட்டு வயதுக் குழந்தை ‘மாடுகள் வந்தது’ என்று எழுதுவதில் ஆச்சரியம் இல்லை, வரையறைக்கும் வாக்கியத்துக்கும் அங்கே தொடர்பே ஏற்படவில்லை. நம் குழந்தைகளுக்கு உண்மையான வேலை, பேச்சிலிருந்து எழுத்துக்கு மாறுவது. ‘பசங்க வந்தாங்க’ என்று குழந்தையையே சொல்லவிட்டு, இதைப் புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள் என்று கேளுங்கள். பையன்கள் வந்தார்கள், மாடு வந்தது, மாடுகள் வந்தன. பேச்சைத் தப்பு என்று சொல்ல வேண்டாம், இது பேசுவதற்கு, அது எழுதுவதற்கு என்று சொன்னால் போதும். தினம் ஐந்து வாக்கியம் மாற்றினாலே திணையும் எண்ணும் பெயர் சொல்லாமலே வந்துவிடும். வல்லினம் மிகும் இடங்களில் இந்த வயதுக்கு மூன்றே போதும்: அந்த, இந்த, எந்த-வுக்குப் பின், வேற்றுமை உருபான ஐ-க்குப் பின், கு-வுக்குப் பின். அந்தப் பையன், அவனைப் பார்த்தேன், வீட்டுக்குப் போனேன். மீதியை ஆறாம் வகுப்புக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.