யூ-பூட்: போர்டை எழுப்புகிறவனின் மதிப்பீடு

ஆர்ம் போர்டில் லினக்ஸை ஓட வைக்கும் வேலை எனக்கு. போர்டு எழுந்ததும் லினக்ஸை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும் பூட் லோடர் என்றால் பெரும்பாலும் யூ-பூட்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பாதி வழியில் நிறுத்தி விசாரிக்க விடுகிறது என்பதே.

சீரியல் கேபிளை மாட்டி, 115200 வேகத்தில் டெர்மினலைத் திறந்து வைத்து, எண்கள் இறங்கும்போது ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் கட்டளை தட்டும் ப்ராம்ப்ட் வந்துவிடும். அங்கிருந்தே நினைவகத்தைப் படிக்கலாம், சிப்புகளை இணைக்கும் ஐ2சி பஸ்ஸில் எந்தெந்தச் சிப் பதில் சொல்கிறது என்று பார்க்கலாம். டிஎஃப்டிபி என்ற நெட்வொர்க் முறையில் லினக்ஸின் மையமான கெர்னலை இழுத்து, ஃபிளாஷைத் தொடாமலேயே பூட் செய்யலாம். டிரைவர் எழுதுகிறவருக்கு இது ஒன்றே போதும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எஸ்டி கார்டைக் கழற்றி மாட்டுகிற தொல்லை இல்லை.

வடிவமைப்பும் கச்சிதம். பீகிள்போன் பிளாக் என்ற ஆர்ம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிப்பில் பதிந்திருக்கும் பூட் ரோமுக்கு, சிப்பின் வெளியே உள்ள டிடிஆர் நினைவகத்தை எழுப்பத் தெரியாது. அதனால் எம்எல்ஓ என்ற சின்னக் கோப்பைச் சிப்பின் உள் நினைவகத்தில் ஏற்றுகிறது. அதுதான் யூ-பூட்டின் சின்ன முதல் கட்டமான எஸ்பிஎல், அதற்குக் கிடைக்கிற இடம் சுமார் 109 கேபி. டிடிஆரை எழுப்பி முழு யூ-பூட்டைக் கொண்டுவருவது அதன் பொறுப்பு. ஆசைப்பட்டு எஸ்பிஎல்லில் இரண்டு டிரைவரைக் கூட்டினால் இடம் பத்தாது. நல்லவேளை, அளவு வரம்பைச் சரியாகக் கொடுத்திருந்தால் பில்டு செய்யும்போதே தெரிந்துவிடும். (எம்எல்ஓ எங்குமே கிடைக்காவிட்டால் ரோம் சீரியலில் 'சி சி சி' என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம், எக்ஸ்மோடம் என்ற சீரியல் முறையில் கோப்பை அனுப்பச் சொல்லிக் கேட்கிறது.)

இனி குறைகள். 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்று ஒரு வரி வரும், அப்புறம் சத்தமே இருக்காது. கன்சோல் பெயர் தப்பா, வேறு போர்டின் டிவைஸ் ட்ரீயா (போர்டில் என்னென்ன வன்பொருள் என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு), கெர்னலும் டிவைஸ் ட்ரீயும் நினைவகத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டனவா? யூ-பூட் அதோடு கைகழுவிவிடும். கெர்னலுக்குக் கொடுக்கும் பூட்ஆர்க்ஸ் வரியில், தொடக்கத்திலேயே செய்திகளைக் காட்டச் சொல்லும் இயர்லிகான் சேர்த்தால் பாதி நேரம் விடை கிடைக்கும்.

யூ-பூட் தன் அமைப்புகளை மாறிகளாக வைத்திருக்கும் என்வயர்ன்மென்டில் எழுதப்படும் ஸ்கிரிப்டுகள்மேல் எனக்குத் தீராத கோபம். ஒரு மாறிக்குள் இன்னொரு மாறியை ஓட்டி, அதற்குள் மூன்றாவதை ஓட்டி, கடைசியில் எதை எது அழைக்கிறது என்று எழுதியவருக்கே புரியாது. புதிய பதிப்புகளில் வந்திருக்கும் ஸ்டாண்டர்ட் பூட் இதைப் பெருமளவு தீர்த்துவிட்டது; எக்ஸ்ட்லினக்ஸ் என்ற பூட் பட்டியல் கோப்போ இஎஃப்ஐ நிரலோ எங்கே இருக்கிறது என்று தானே தேடிக்கொள்கிறது. இன்னொன்று, என்வயர்ன்மென்டைச் சேமிக்கும் சேவ்என்வ் கட்டளை ஓடும்போது மின்சாரம் போனால் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் பொருந்தாமல் போய், அடுத்த முறை இயல்புநிலை அமைப்போடுதான் எழும். இரட்டைப் பிரதி வைக்கும் வசதியை முதல் நாளே இயக்கிவிடுங்கள்.

பெரிய தலைவலி யூ-பூட்டுடையது அல்ல, போர்டு விற்கிறவர்களுடையது. யூ-பூட்டின் மூலத் திட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு வெளியீடு வருகிறது. எனக்கு வந்த ஒரு போர்டோடு கிடைத்ததோ, பல ஆண்டுகள் பழைய பிரதி. அதன்மேல் விளக்கமே இல்லாத ஒட்டுகள். டிடிஆர் அமைப்பு மதிப்புகளை அதிலிருந்து தோண்டி எடுத்து மூலத் திட்டத்துக்குக் கொண்டுபோனதில்தான் அந்த வேலையின் பெரும்பகுதி கழிந்தது. போர்டு வாங்குமுன் அதன் டெஃப்கான்ஃபிக் (பில்டு அமைப்புக் கோப்பு) மூலத் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் போர்டே இல்லையா? சாண்ட்பாக்ஸ் என்று ஒரு பில்டு உண்டு. யூ-பூட் சாதாரண லினக்ஸ் நிரலாக உங்கள் கணினியிலேயே ஓடும். கட்டளைகளைப் பழக அதுவே போதும்.

பொருளை விற்பனைக்கு அனுப்பும்போது மட்டும் விசைக்காகக் காத்திருக்கும் நேரமான பூட்டிலேயை -2 ஆக்கிவிடுங்கள்; விசையைப் பார்க்காமலேயே பூட் ஆகும். இல்லாவிட்டால் நான் மேலே புகழ்ந்த அந்த ப்ராம்ப்ட், சீரியல் கேபிள் வைத்திருக்கும் யாருக்கும் திறக்கும்.