மீதி எண்ணெய் யாருக்கு?

மச்சானின் மைவி காருக்குப் போன மாதம் வாரண்டி முடிந்தது. "இனிமே வெளியிலேயே மிஞாக் ஹித்தாம் மாத்தலாமா, இஞ்சின் போயிடாதே?" என்று கேட்டான். மிஞாக் ஹித்தாம் என்றால் இஞ்சின் எண்ணெய். அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது.

என்னுடையது 2018 மைவி 1.5. தினமும் பிறையிலிருந்து பினாங்குப் பாலம் ஏறி பாயான் லெப்பாஸ் வேலைக்கு. வாரண்டி இருந்த ஐந்து வருடமும் சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் போகவில்லை. அதற்கப்புறம் ஐந்து தடவை வெளிப் பட்டறையில், வேறு கம்பெனி எண்ணெய். ஒரு தடவைக்கு அறுபது எழுபது வெள்ளி மிச்சம். வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை. காலையில் அதே சத்தம், பாலத்து நெரிசலில் அதே பெட்ரோல் செலவு.

மாற்றம் வராததில் ஆச்சரியமும் இல்லை. கார் கம்பெனி எண்ணெய் காய்ச்சுவதில்லை. எண்ணெய் கம்பெனி கலந்து தருவதில் தன் பெயரை ஒட்டிக்கொள்கிறது. புட்டியின் பின்னால் வட்ட முத்திரை இருக்கும். நடுவில் 0டபிள்யூ-20, அது எண்ணெயின் கெட்டித்தன்மை. மேல் வளைவில் ஏபிஐ எஸ்பி, அது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறி. அந்த எஸ்பி தரம் 2020இல் வந்தது. இரண்டும் சரியாக இருந்தால் என் வண்டிக்குப் போதும். ஃபோக்ஸ்வேகன் வைத்திருப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். அவர்களுக்கு 502 00 மாதிரி அங்கீகார எண் தனியாக உண்டு. அதிலும் "அங்கீகரிக்கப்பட்டது" என்பது வேறு, "தேவையைப் பூர்த்தி செய்யும்" என்பது வேறு. இரண்டாவது, விற்பவர் தானே சொல்லிக்கொள்வது.

"நம்ம ஊர் சூட்டுக்கு 10டபிள்யூ-40 ஊத்துங்கண்ணே, கெட்டியா நிக்கும்" என்று பட்டறை ஃபோர்மன் சொல்வார். வெளியே வெயில் அடித்தாலும் பனி பெய்தாலும் ஓடும் இஞ்சினின் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். தலையாட்டிவிட்டு 0டபிள்யூ-20 புட்டியை நீட்டுவேன்.

சரி, என் எரிச்சலுக்கு வருகிறேன். புட்டி நாலு லிட்டர். என் வண்டி மூன்றரை லிட்டர்கூடக் குடிக்காது. மீதி அரை லிட்டருக்கு மேல். முதல் தடவை ஃபோர்மன் மூடியைத் திருகி, அலமாரியில் ஏழெட்டு அரைப் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். என் காசு, என் எண்ணெய். கேட்டதும் சிரித்துக்கொண்டே கொடுத்தார், நான் கஞ்சன் என்பது போல. அடுத்தடுத்த தடவைகளில் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன தடவைதான் மனசு விட்டுப்போனது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. புட்டியில் ஒரு லிட்டருக்கும் மேல் இருக்கிறது, இஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியிலோ அளவு மேல் கோட்டில் நிற்கிறது. அப்படியானால் உள்ளே போனதில் ஒரு பகுதி எந்தப் புட்டியிலிருந்து? "எல்லாம் ஒரே சாமான்தான் லா" என்றார். இருக்கலாம். ஆனால் போலி எண்ணெய் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வரும் நாட்டில், சீல் உடைவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆக மச்சான், வெளி எண்ணெயில் ஒரு குறையும் இல்லை, தாராளமாக ஊற்று. நான் மட்டும் அடுத்த மாதம் சர்வீஸ் சென்டரில் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டேன். அங்கேயும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் உட்கார வைப்பார்கள், தெரியும்.

வீட்டுக் கொல்லையில் ஐந்து அரைப் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. கூட்டிப் பார்த்தால் ஒரு சர்வீஸுக்குக் காணும். அம்மா அதில்தான் கேட் கீலுக்குச் சொட்டு விடுகிறார்.