நிறுவனத்தின் வலைப்பதிவை நம்பி சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஒரு பெரிய லேப்டாப் நிறுவனம். பெயர் வேண்டாம்; வலைப்பதிவில் வாக்குக் கொடுத்துவிட்டுக் கவுண்டரில் கைவிரிக்கும் இந்தப் பழக்கம் அவர்களிடம் மட்டும் இருப்பதும் இல்லை. அவர்களுக்கு ஒரு வலைப்பதிவு உண்டு. மேலாளர்கள் தங்கள் பெயரிலேயே, சிரித்த முகப் படத்தோடு எழுதுவார்கள். அதில் குறிப்பிட்ட ஒரு மாடலில் திரையைத் தாங்கும் கீல் உடைகிறது என்று ஒத்துக்கொண்டு, வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாக மாற்றித் தருவோம் என்று எழுதியிருந்தார்கள். என்னுடையது அதே மாடல். விரிசலும் அதே இடத்தில்.

சர்வீஸ் சென்டரில் இருந்தவருக்கு இப்படி ஒரு பதிவு வந்ததே தெரியவில்லை. போனில் எடுத்துக் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "இது பிளாக்ல போட்டதுங்க, எங்க சிஸ்டத்துல இப்படி எதுவும் வரலை" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கணினி வாரண்டி முடிந்துவிட்டது என்று காட்டும்போது அவரால் பணம் கேட்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

நடந்ததை அந்தப் பதிவின் அடியிலேயே கமெண்டாக எழுதினேன். திட்டவில்லை. மாடல், புகார் எண், கிடைத்த பதில், அவ்வளவுதான். பரிசீலனைக்குப் பிறகு வெளியாகும் என்று காட்டியது. வெளியாகவே இல்லை. ஆனால் "அருமையான முடிவு", "உங்கள் வாடிக்கையாளராக இருப்பதில் பெருமை" என்கிற ரகக் கமெண்டுகள் மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தன. அப்புறம் ஒருநாள் பார்த்தால், "வாரண்டி முடிந்திருந்தாலும்" என்ற சொற்களையே காணோம். அந்த இடத்தில் "தகுதியுள்ள வாடிக்கையாளர்களுக்கு" என்று இருந்தது. திருத்தினோம் என்ற குறிப்பு இல்லை, மேலே அதே பழைய தேதி. சர்வீஸ் சென்டரில் காட்டுவதற்காக எடுத்த ஸ்கிரீன்ஷாட் கையில் இருந்ததால் தப்பித்தேன்.

சரி என்று சமூக வலைத்தளத்தில் எழுதினேன். உடனே பதில் வந்தது: வருந்துகிறோம், தனிச் செய்தியில் விவரம் அனுப்புங்கள். அனுப்பினால் முதலில் ஒருவர், பிறகு வேறு பெயரில் இன்னொருவர், இருவருக்கும் அதே விவரம் முதலிலிருந்து. கடைசியில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு மின்னஞ்சல், கூடவே ஐந்து நட்சத்திரம் கேட்டு ஓர் இணைப்பு. கீல் உடைந்தபடியேதான் இருந்தது. ஊரறியச் சொன்ன குறையை ஓரமாக அழைத்துப் போவதற்கு மட்டும்தான் அந்த வேகம்.

இந்தப் பழக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதற்காகவே இதை எழுதுகிறேன். என் பதிவுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பதில் வந்தது. அதே லோகோ, பெயரில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தப் படிவத்தை நிரப்புங்கள் என்றது. படிவத்தில் வங்கிக் கணக்கு, அட்டை எண் எல்லாம் கேட்டிருந்தது. "தனியாக வாருங்கள், எண்ணைக் கொடுங்கள்" என்று நிறுவனங்களே நம்மைப் பழக்கிவிட்டதால்தான் இந்தத் திருடர்களுக்கு வேலை சுலபமாகிறது. யார் பதில் சொன்னாலும் அந்தக் கணக்கு எப்போது தொடங்கியது, முன்பு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஓடிபி, அட்டை எண், திரையைப் பகிரும் செயலி, இவற்றில் எதைக் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணையும் தேடுபொறியில் தேடி எடுக்காதீர்கள். பில்லிலோ, பொருளோடு வந்த காகிதத்திலோ இருப்பதுதான் பாதுகாப்பு.

பெரிய நிறுவனங்களுக்கு இதைச் சரியாகச் செய்யவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. டெல் நிறுவனத்தின் மோசமான சேவையைப் பற்றி 2005-ல் ஒரு பத்திரிகையாளர் தன் வலைப்பதிவில் எழுதப்போய், அது பெரிய அவப்பெயராகவே மாறியது. 2006-ல் டெல் சொந்த வலைப்பதிவு தொடங்கியது. அந்தச் சமயத்தில் ஜப்பானில் ஒரு டெல் லேப்டாப் தீப்பிடித்து எரியும் படங்கள் இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பற்றி அந்த வலைப்பதிவிலேயே பேசினார்கள். அந்த ஆகஸ்டில் சுமார் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றார்கள். பேச்சுக்குப் பின்னால் காரியம் நடந்தது. என் விஷயத்தில் எழுதுகிறவருக்கும் சர்வீஸ் சென்டருக்கும் தொடர்பே இல்லை. கவுண்டரில் செல்லாத ஒரு வாக்குறுதியை எழுத அந்த மேலாளருக்கு யார் உரிமை கொடுத்தது?

அதே 2006-ல் வால்மார்ட்டுக்காக வேறு மாதிரி ஒன்று நடந்தது. ஒரு ஜோடி வேனில் அமெரிக்காவைச் சுற்றி, கடை கடையாக மகிழ்ச்சியான ஊழியர்களைச் சந்தித்து எழுதியது. பின்னால் பார்த்தால் அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தது வால்மார்ட் ஆதரவு அமைப்பு, ஏற்பாடு வால்மார்ட்டின் மக்கள் தொடர்பு நிறுவனம். பாராட்டு மட்டுமே வரிசையாக வரும் இடத்தைப் பார்த்தால் எனக்கு இப்போது அந்த வேன்தான் ஞாபகம் வருகிறது.

"பிளாக்கில் போட்டது எங்களைக் கட்டுப்படுத்தாது" என்பார்கள். அடங்கிவிடாதீர்கள். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், அதாவது தளத்தில் தானாகப் பதில் சொல்லும் நிரல், ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் கொடுத்தது. அது சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தன் தளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, பயணிக்குப் பணம் கொடுக்க வைத்தது. வேறு நாட்டில் அந்தத் தீர்ப்பு அப்படியே செல்லாதுதான். ஆனால் புகாரில் வைக்க நல்ல வாதம்.

எனக்குப் பலன் கொடுத்தது எழுத்துப் புகார்தான். ஸ்கிரீன்ஷாட்டோடு, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் இருந்த அந்தப் பக்கத்தின் பழைய நகலையும் இணைத்து, குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். கீலை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். கூடவே, சமூக வலைத்தளப் பதிவை நீக்கிவிடுங்கள் என்று ஒரு வேண்டுகோள். நீக்க மாட்டேன் என்று எழுதிவிட்டேன். கேட்பதற்கு அவர்களுக்குக் கூச்சமே இல்லை! விமர்சனம் எழுதக் கூடாது என்று வாடிக்கையாளர் மேல் திணிக்கும், பேரம் பேச இடமில்லாத ஒப்பந்த விதிகள் செல்லாது என்று அமெரிக்காவில் 2016-ல் சட்டமே போட வேண்டி வந்தது.

கீல் உடைந்த லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். வலைப்பதிவின் பழைய வாசகம் என்னிடம் இருக்கிறது. புகாரோடு இணைக்க வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.