ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம்: 46ஆம் பிரிவுக்கு நேரம் ஒதுக்குங்கள்

முதல் முறை வாஷிங்டன் சுற்றுலா நிறுவனம் ஒன்றின் வண்டியில் போயிருந்தோம். கென்னடியின் கல்லறையையும் பெயர் அறியா வீரர் நினைவிடத்தின் காவல் மாற்றத்தையும் காட்டிய வழிகாட்டி, இரண்டாம் உலகப் போர் வீரர் ஆடி மர்ஃபியின் கல்லறை எங்கே என்று கேட்டதும் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஆகவே இரண்டாம் முறை நீலத் தட மெட்ரோவில் தனியாகவே போனேன்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. 639 ஏக்கர் மேட்டு நிலம் என்பதால் கால்களுக்குத்தான் செலவு. நினைவு அரங்குக்கு எதிரே சாலையைக் கடந்தால் 46ஆம் பிரிவு; பார்வையாளர் மிகுதியால் மர்ஃபியின் கல்லறைக்கென்றே கல் பாவிய நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிக உயர்ந்த படைப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர்களின் கல்லெழுத்துக்குப் பொன்பூச்சு இடுவது அங்கே வழக்கம். அதைப் பெற்ற மர்ஃபியின் கல்லில் பொன்பூச்சு இல்லை. சாதாரணச் சிப்பாயின் கல்லாகவே இருக்கட்டும் என்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார். பிறந்த ஆண்டு 1924 என்று பொறித்திருக்கிறது. உண்மையில் 1925, படையில் சேர வயது போதாமல் கூட்டிச் சொன்ன ஓராண்டு, கல்லிலும் நின்றுவிட்டது.

1945 ஜனவரி 26 அன்று, பிரான்சின் ஹோல்ட்ஸ்வீர் கிராமத்தருகே, தன் ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருந்த டாங்கி எதிர்ப்பு வண்டியின்மேல் தனியாக ஏறி, காலில் பட்ட காயத்தோடு அதன் இயந்திரத் துப்பாக்கியால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஜெர்மானியப் படையைத் தடுத்து நிறுத்தியபோது அவருக்கு வயது 19. பிறகு ஹாலிவுட் நடிகரானார். ஆனால் தூக்கம் போயிற்று, தலையணைக்கடியில் குண்டேற்றிய துப்பாக்கி வந்தது, தூக்க மாத்திரைக்கு அடிமையானார். அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டு அதிலிருந்து மீண்டவர், கொரியா, வியட்நாம் போர்களிலிருந்து திரும்பியோருக்காக வெளிப்படையாகப் பேசினார்; போர் மனத்துக்குச் செய்யும் கேட்டை அரசு ஆராய வேண்டும், மருத்துவ உதவியை விரிவாக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். என் கணக்கில் இது அந்த வண்டிமேல் ஏறியதற்குக் குறைந்த துணிச்சல் அல்ல. கொடிய அனுபவங்களுக்குப் பின் வரும் அந்த மன அழுத்த நோய், PTSD என்ற இன்றைய பெயரோடு அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் இடம்பெற்றதே 1980இல்தான். அவரோ 1971இல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

கல்லில் இவை எதுவும் இல்லை. பெயர், தேதிகள், பெரும்பாலும் சுருக்கெழுத்தில் பதக்கங்கள், அவ்வளவே. ஆகவே படித்துவிட்டுப் போவது நல்லது. நடக்க இயலாதவர்கள் தோட்டத்துக்குள் ஓடும் கட்டண வண்டியில் பெயர் அறியா வீரர் நினைவிட நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். கோடையென்றால் காலை 8 மணிக்குத் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள்.